மின்கட்டண விசாரணையில் நமக்காக வாதாடுபவர் யார்?

2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்தியது. 2014 டிசம்பருக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்த மின்கட்டணத்தை உயர்த்தித் தரும்படி மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் மனுப் போட்டிருந்தது. விவசாயிகளும் விசைத்தறிக்காரர்களும் குறுந்தொழில் சங்கத்தினரும் நுகர்வோர் அமைப்பினரும் வந்து பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள் கிடைத்தன. பேசியவர்களில் பெரும்பாலோர் உயர்வு கூடாது என்றார்கள். செப்டம்பர் 9 அன்று ஆணை வந்தது, மறுநாளே புதிய கட்டணம் நடைமுறைக்கும் வந்தது. கழகம் கேட்டதில் பெரும்பகுதி அதற்குக் கிடைத்துவிட்டது.

ஆணையம் யாருக்கோ விலைபோய்விட்டது என்று இதற்கு விளக்கம் சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆணையம் பாதி நீதிமன்றம் போன்ற அமைப்பு. அங்கே கணக்குக்குக் கணக்குதான் பதில். ஒரு தரப்பில் பல நூறு பக்க மனு, அதைத் தயாரித்த பொறியாளர்கள், தணிக்கையாளர்கள், வழக்கறிஞர்கள். மறு தரப்பில் அன்றைய வேலையை விட்டுவிட்டு ஒரு தாளோடு வந்து நிற்கும் மனிதர். “எங்களால் தாங்க முடியாது” என்று அவர் சொல்வதை ஆணையம் பதிவு செய்துகொள்ளும். ஆனால் மனுவின் எந்த அட்டவணையில் எந்தச் செலவை எதற்காக வெட்ட வேண்டும் என்று அவரால் காட்ட முடியாது. காட்டாத வெட்டை ஆணையம் தானாகச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டுக்காரருக்கும் சிறுதொழில்காரருக்கும் பேசும் உரிமையைத் தந்த சட்டம், வாதாடும் வலுவைத் தரவில்லை. அந்த வலுவை நிரந்தரமாக உண்டாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பேசும் உரிமையே எளிதாக வந்ததல்ல. 1957 முதல் மின்வாரியம் வைத்ததுதான் கட்டணமாக இருந்தது, யாரையும் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. 1998-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டம் வந்த பிறகு, கட்டண விசாரணையில் நுகர்வோருக்குக் குரல் உண்டா என்ற கேள்வி மேற்கு வங்கத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த உரிமையை மறுத்திருந்தது. 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நுகர்வோரைக் கேட்டே கட்டணம் தீர்மானிக்க வேண்டும் என்றது. அடுத்து வந்த 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு, மனுவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து, 120 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று வகுத்தது. நாட்டில் மிகச் சில துறைகளில்தான் விலை நிர்ணயத்துக்கு இப்படிப்பட்ட திறந்த வாசல் இருக்கிறது.

ஆனால் வாசலுக்குள் நுழைந்து பார்த்தால்தான் கட்டணத்தின் சூட்சுமம் தெரியும். 2022 ஆணையின் வீட்டு உபயோகப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். அதே வீடு 501 யூனிட் பயன்படுத்தினால் பட்டியலே மாறிவிடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய் ஆகிவிடும், கடைசி யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய். ஆக, அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். நாளுக்கு 8 யூனிட் செலவழிக்கும் குடும்பம் 60 நாளில் 480 யூனிட்டில் நிற்கும். ரீடிங் எடுப்பவர் மூன்று நாள் தாமதமாக வந்தால் 504 ஆகிவிடும். மாதாமாதம் கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை இத்தனை ஆண்டுகளாக ஓயாததற்கு இந்தக் கூர்மையான விளிம்பும் ஒரு காரணம். உயர்வே வேண்டாம் என்று கேட்பவர்களின் கூட்டத்தில், “இந்த விளிம்பை மட்டும் சரிவாக்குங்கள், கழகத்தின் வருவாய் இவ்வளவுதான் குறையும்” என்று கணக்கோடு கேட்க ஒருவர் வேண்டும். நுகர்வோர் பிரதிநிதி என்று நான் சொல்வது அப்படிப்பட்டவரை.

சிறுதொழில்களுக்கு விழுந்த அடி இன்னும் கடுமையானது. குறைந்தழுத்த இணைப்பில் இயங்கும் தொழிற்கூடங்களுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது. 50 கிலோவாட்டுக்கு மேல் 112 கிலோவாட் வரையுள்ள இணைப்புகளுக்கு அது 150 ரூபாய் ஆனது. 112 கிலோவாட் வைத்திருப்பவர் மாதம் 3,920 ரூபாய் கட்டிய இடத்தில் 16,800 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. அதோடு, காலையும் மாலையும் உச்ச நேரத்தில் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம். கோவையில் லேத் வைத்து ஜாப் ஆர்டர் செய்து கொடுப்பவருக்கும் திருப்பூரில் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவருக்கும் வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் சுதந்திரம் குறைவு. ஆர்டர் கொடுத்தவரின் அவசரம்தான் அவர்களின் நேரம். ஆர்டரே இல்லாத மாதத்தில் மெஷின் துணி மூடிக் கிடந்தாலும் நிலைக் கட்டணம் வந்துவிடும்.

அதன் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியமானது. குறுந்தொழில் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. 2022 நவம்பரில் முதலமைச்சர் உச்ச நேரக் கட்டணத்தை 25-இலிருந்து 15 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தார். 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறு, குறு தொழில்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக்கு, அதாவது படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்த கட்டணம் பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 அக்டோபரில் 5.50 ரூபாயாகக் குறைந்தது. விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது.

இவை எல்லாமே நியாயமான நிவாரணங்கள். ஆனால் ஆணையத்தின் விசாரணையில் எடுபடாத வாதம் கோட்டையில் எடுபட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சங்கம் வைத்திருப்பவருக்கும், கதவடைப்பு நடத்தும் எண்ணிக்கை உள்ளவருக்கும், வாக்கு வங்கியாகத் திரண்டவருக்கும் அந்த வழி திறக்கும். சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவரை யோசித்துப் பாருங்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குகிறார்கள். இலவச 100 யூனிட் அவர் கைக்கு வந்து சேர்வது வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தது. ஆணையத்தின் கணக்கில் அவர் நுகர்வோரே அல்ல. அவர் எந்தச் சங்கத்தோடு தெருவுக்கு வருவார்? தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் வணிகப் பிரிவில் 100 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட்டுக்கு 9.50 ரூபாய் கட்டத் தொடங்கினார். அவருக்காகவும் எந்த ஊரும் கதவடைக்கவில்லை.

நீதிமன்றப் படியேறுவதும் அப்படித்தான். 2022-இல் ஆணையத்தில் சட்ட உறுப்பினர் பதவி காலியாக இருந்தது. ஒவ்வோர் ஆணையத்திலும் சட்டத் துறையைச் சேர்ந்த ஓர் உறுப்பினர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. இதை எழுப்பி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது நூற்பாலைகளின் சங்கம். தனி நீதிபதி தடை கொடுத்தார், இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. முடிவு எப்படியானாலும், கேட்டது நூற்பாலைகள். இரண்டு கோடிக்கு மேலான வீட்டு இணைப்புகளின் சார்பில் அந்தக் கேள்வியைக் கேட்கப் பணமும் வழக்கறிஞரும் உள்ள அமைப்பு இல்லை.

கட்டண மனு வரும்போது மட்டும் விழித்துக்கொள்வதிலும் பயன் குறைவு. கழகத்தின் செலவில் பெரும்பங்கு மின்சாரம் வாங்கும் செலவுதான். அது பதினைந்து, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தங்களாக முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. 2014 செப்டம்பரில் ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என்று விலை வைத்தது. அந்த விலையில் பெரிய சூரிய மின் நிலையங்களோடு 25 ஆண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 2016-இல் ஆணையமே அந்த விலையை 5.10 ரூபாயாக்கியது. 2017-இல் தமிழ்நாட்டில் ஏலம் விட்டபோது கிடைத்த விலை 3.47 ரூபாய். தொழில்நுட்பத்தின் விலை உலகெங்கும் வேகமாகச் சரிந்துகொண்டிருந்த காலம் அது, எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏலம் விடாமல் 25 ஆண்டுக்கு ஏன் ஒரே விலை என்று அன்றே வீட்டு நுகர்வோர் சார்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அப்போது போன பணம் 2040 வரை ஒவ்வொரு இ.பி. பில்லிலும் நுழைந்துகொண்டே இருக்கும். கொள்முதல் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கேட்கும் மனுக்களுக்கு மூன்று ஊர்களில் கூட்டம் நடப்பதில்லை. பத்திரிகைகளும் அவற்றைப் பெரிதாக எழுதுவதில்லை.

மகாராஷ்டிரத்தில் இதை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். என்ரான் நிறுவனத்தின் தாபோல் மின் திட்டத்துக்கு 1993-இல் மாநில மின்வாரியம் கையெழுத்துப் போட்டது. புனேயைச் சேர்ந்த பிரயாஸ் என்ற அமைப்பின் பொறியாளர்கள் அந்த ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்து, அது வாரியத்தின் தலையில் எவ்வளவு பெரிய சுமையைக் கட்டுகிறது என்று எண்களால் காட்டினார்கள். 2001-இல் வாரியம் அந்த மின்சாரத்தை வாங்குவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. மகாராஷ்டிர ஆணையம் அமைந்தபோது, பிரயாஸ், மும்பை கிராஹக் பஞ்சாயத், இரண்டு தொழில் சங்கங்கள் ஆகியவற்றை நுகர்வோர் பிரதிநிதிகளாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. விசாரணைகளில் மனுவின் நகல் அவர்களுக்குப் போகும், அவர்களின் கேள்விகளுக்கு மின் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கான அதிகாரம் இந்தியாவின் எல்லா ஆணையங்களுக்கும் உண்டு. 2003 சட்டத்தின் 94-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, தன் முன் நடக்கும் விசாரணைகளில் நுகர்வோர் நலனை எடுத்துவைக்கத் தகுந்தவர் என்று ஆணையம் கருதும் எவரையும் நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. கர்நாடக ஆணையம் நுகர்வோருக்கென்றே ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1985 முதல் இயங்கும் ‘சிஏஜி’ போன்ற தன்னார்வ அமைப்புகள் தங்கள் சொந்த முயற்சியால் ஆணையத்தின் முன் எழுத்து மூலம் ஆட்சேபங்களைத் தாக்கல் செய்துவருகின்றன. அவர்கள் செய்வது பெரிய காரியம். ஆனால் மூன்று கோடிக்கும் அதிகமான இணைப்புகளுள்ள மாநிலத்தின் நுகர்வோர் நலன், ஒரு சில தன்னார்வ அமைப்புகளின் நேரத்தையும் நன்கொடையையும் நம்பி இருக்கலாமா?

பணம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு முன் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். கழகத்தின் நிர்வாகச் செலவுகளில் வழக்குச் செலவும் அடக்கம். வழக்கறிஞர்களுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் அது கொடுக்கும் தொகை, மொத்த வருவாய்த் தேவை என்ற கணக்கில் சேர்ந்து, கட்டணமாக நம்மிடமே வசூலாகிறது. கட்டண உயர்வு கேட்டு வாதாடுபவருக்கு நாம் சம்பளம் கொடுக்கிறோம். எதிர்த்து வாதாடுபவருக்குக் கொடுக்க வழியில்லை. ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால்கூட மூன்று கோடி ரூபாய் சேரும். இரண்டு மூன்று மின்பொருளாதார வல்லுநர்கள், ஒரு கணக்காளர், ஒரு வழக்கறிஞர் என்று நிரந்தரமான ஒரு குழுவை நடத்த அது தாராளமாகப் போதும்.

இது கற்பனையான ஏற்பாடு அல்ல. ஆஸ்திரேலியாவில் 2015-இல் ‘எனர்ஜி கன்ஸ்யூமர்ஸ் ஆஸ்திரேலியா’ என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது. வீடுகளும் சிறு வணிகங்களும் மட்டுமே அதன் பொறுப்பு, பெருந்தொழில்கள் அதில் சேராது. மின்சந்தையில் இருக்கும் நிறுவனங்களிடம் வசூலிக்கும் சிறு தீர்வையில் அது நடக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விசாரணைக்கு உருப்படியாகப் பங்களித்த நுகர்வோர் அமைப்புக்கு அதன் வல்லுநர், வழக்கறிஞர் செலவை ஆணையமே கணக்கிட்டு மின் நிறுவனத்தைக் கொடுக்கச் சொல்கிறது. வெறுமனே எதிர்த்துப் பேசியவருக்குப் பணம் கிடையாது. தீர்ப்பில் பயன்பட்ட வாதத்துக்கே பணம் என்பதால் அமைப்புகளின் தரமும் உயர்கிறது. இல்லினாய் மாநிலம் 1983-இல் சட்டம் போட்டு மக்களே உறுப்பினராகச் சேரும் ‘சிட்டிசன்ஸ் யூட்டிலிட்டி போர்டு’ ஒன்றை உருவாக்கியது. மின் நிறுவனம் பில் அனுப்பும் உறையிலேயே அமைப்பின் அறிக்கையையும் வைக்க வேண்டும் என்பது அக்காலத்து யோசனை. 1986-இல் கலிஃபோர்னிய வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படிக் கட்டாயப்படுத்துவது நிறுவனத்தின் கருத்துரிமையை மீறும் என்று அந்த வழியை அடைத்தது. அப்படியும் இல்லினாய் அமைப்பு இன்றுவரை இயங்குகிறது.

நுகர்வோரைக் காப்பது ஆணையத்தின் வேலைதானே, இன்னொருவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆணையம் நுகர்வோரின் வழக்கறிஞராக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. மின் நிறுவனம் திவாலாகாமல் பார்ப்பதும் அதன் கடமை. இலங்கை அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டியது. 2022 ஆகஸ்டில் சராசரி 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் 66 விழுக்காடும் அங்கே மின்கட்டணம் ஏறின. இரண்டாவது உயர்வைப் பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழுவின் தலைவரே வெளிப்படையாக எதிர்த்தார். அரசு அவர்மீது குற்றச்சாட்டுகளை வைத்து நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2023 மே 24 அன்று 123-க்கு 77 என்ற வாக்குகளில் அவர் பதவி நீக்கப்பட்டார். நுகர்வோர் பக்கம் ஒரு தனிமனிதரின் துணிச்சலை நம்பியிருந்தால் அவர் போனதும் அந்தப் பக்கம் வெறுமையாகிவிடும். அதே ஆணைக்குழு 2025 ஜனவரியில், கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று மின்சார சபை கேட்டபோது, கணக்குகளை ஆராய்ந்து சராசரி 20 விழுக்காடு குறைத்தது. எண்களைக் கூர்ந்து பார்த்தால் நிறுவனம் கேட்டதற்கு மாறான முடிவும் சாத்தியம் என்பதற்கு அது சான்று.

நுகர்வோர் பிரதிநிதி என்றால் எப்போதும் உயர்வை எதிர்ப்பவர் என்று பொருளாகிவிடக் கூடாது. 2014 முதல் 2022 வரை கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்தது மக்களுக்குச் செய்த உதவியாகத் தோன்றியது. அந்த ஆண்டுகளில் கழகத்தின் கடன் லட்சம் கோடியைத் தாண்டி வளர்ந்தது. அதன் வட்டியை இப்போது கட்டணத்தில் கட்டுகிறோம். வசூலிக்காமல் ஒத்திப்போட்ட தொகைகளைக் காலவரையறைக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையங்களைக் கடிந்துகொண்டது. நேர்மையான பிரதிநிதி இருந்திருந்தால் 2016-லேயே, 2018-லேயே சிறிய உயர்வு போதும், இப்போதே செய்யுங்கள் என்று சொல்லியிருப்பார். கைதட்டல் கிடைக்காத அந்த வாதத்தைச் சொல்ல அரசியல்வாதியால் முடியாது. தேர்தலைச் சந்திக்க வேண்டியிராத பிரதிநிதியால் முடியும்.

வீடும் சிறுதொழிலும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு மலிவாகத் தருவதன் ஒரு பகுதி வணிக, தொழில் இணைப்புகளின் கூடுதல் கட்டணத்திலிருந்து வருகிறது. 2023-லும் 2025-லும் ஆண்டு உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது, வணிக, தொழில் பிரிவுகளில் பலருக்கு அந்தச் சலுகை இல்லை. 2024-இல் 4.83 விழுக்காடு இரு தரப்பின் மீதும் ஏறியது. ஆனால் லேத் பட்டறைக்காரரும் வீட்டில் பில் கட்டுபவர்தான், ஜெராக்ஸ் கடைக்காரரும் அப்படியே. சலுகையின் சுமையை அரசு கருவூலம் ஏற்க வேண்டுமா, பக்கத்துக் கடைக்காரர் ஏற்க வேண்டுமா என்ற கேள்வியை இரு தரப்பையும் அறிந்த ஒருவர் ஆணையத்தின் முன் திறந்து வைப்பது, மூடிய அறையில் அது முடிவாவதைவிட நல்லது. சட்டத்தின் 65-ஆவது பிரிவு, அரசு சலுகை தர விரும்பினால் அதற்கான பணத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும்.

கட்டணம் தவிர அன்றாடக் குறைகளும் இருக்கின்றன. அதற்கென வட்டந்தோறும் குறைதீர்க்கும் மன்றங்கள் உண்டு. ஆனால் வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளரே மன்றத்தின் தலைவராக அமரும் வழக்கமே இங்கே நெடுங்காலம் நிலவியது. மேல்முறையீட்டுக்குக் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். புதிய இணைப்பு தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2004-ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

2022-இல் வந்த கட்டண ஆணையின் காலம் 2027 மார்ச் 31-உடன் முடிகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கான மனுவை பகிர்மானக் கழகம் அதற்கு முன்பே தயார் செய்தாக வேண்டும். எதிர்த்தரப்பும் அந்த மனு வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். மனு வந்த பிறகு கிடைக்கும் சில வாரங்கள் படித்து முடிக்கவே போதாது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 94-ஆவது பிரிவின் கீழ் நிரந்தர நுகர்வோர் பிரதிநிதிகளை இப்போதே நியமிக்க வேண்டும். வீட்டு நுகர்வோருக்கு ஒருவர், குறு, சிறு தொழில்களுக்கு ஒருவர் என்று இருவர். அவர்களின் செலவைக் கட்டணக் கணக்கிலேயே தனி வரியாகச் சேர்க்க வேண்டும். கொள்முதல் ஒப்பந்த மனுக்களின் நகலும் அவர்களுக்குப் போக வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ சட்டமன்றத் தீர்மானமோ தேவையில்லை, ஆணையத்தின் ஓர் உத்தரவு போதும். குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் குறுந்தொழில் அமைப்புகளும் ஆணையத்துக்கு எழுத்து மூலம் இந்தக் கோரிக்கையை இந்த ஆண்டே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.